முப்பதும் நாற்பதும்

நாம் வாழும் ராயப்பேட்டைக்கு எத்தனையோ அடையாளங்கள் உண்டு. சாலைகள் கூடும் இடத்தில் நிற்கும் மணிக்கூண்டைச் சொல்வார்கள். ஆற்காட்டு நவாபின் வழிவந்தோர் வாழும் அமீர் மகாலைச் சொல்வார்கள். 1951ஆம் ஆண்டில் தோன்றி, நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பல்லாயிரவரைப் படிக்கவைத்த பீட்டர்ஸ் சாலைப் புதுக்கல்லூரியைச் சொல்வார்கள். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுள்ளும் பலர் அறியாத பெருமை ஒன்று இவ்வூருக்கு உண்டு. லண்டன் மாநகரின் மூர்பீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805இல் தோன்றியது. அதற்கு அடுத்தபடியாக உலகில் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக எண்ணப்படும் சென்னைக் கண் மருத்துவமனை, 1819ஆம் ஆண்டில் முதன்முதல் தொடங்கப்பட்டது இந்த ராயப்பேட்டையில்தான். 1884இல் அது எழும்பூருக்குப் பெயர்ந்தது; இன்றும் அங்கே அரசு கண் மருத்துவமனையாக விளங்குகிறது. ஆகவே கண்ணைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல ராயப்பேட்டைவாசிகளுக்குச் சிறிது உரிமை உண்டு என்றே கருதுகிறோம்.

வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் உற்றார் உறவினர் கூடி முகத்தைப் பார்க்கிறோம். மூக்கு யாருடைய மூக்கு, நிறம் யாருடைய நிறம் என்று பேசி மகிழ்கிறோம். பிள்ளை கண் விழித்துப் பார்த்துவிட்டால், கண் நன்றாக இருக்கிறது என்று நிறைவடைகிறோம். நிறைமாதப் பிள்ளையிடத்தில் இந்த நிறைவு பெரும்பாலும் பொருத்தமானதே. குறைமாதப் பிள்ளையிடத்திலோ அது பேராபத்தை மறைக்கும் நிறைவு. இமை திறந்துவிட்டது, ஆனால் இமைக்கும் கருமணிக்கும் பின்னே, ஒருவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், வேலை இன்னும் முடியவில்லை. அந்த வேலை என்ன, அது எந்த ஒழுங்கில் நடக்கிறது, அது நடுவில் தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதை, மருத்துவர் அல்லாத நாம், நம்மைப் போன்ற குடும்பங்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல விழைகிறோம்.

கண்ணின் பின்சுவரில் உட்புறமாகப் படிந்திருக்கும் மெல்லிய படலத்தை விழித்திரை என்கிறோம். அதன் தடிப்பு ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர்தான். தமிழில் அது திரை. அரபு மொழியில் அது ‘ஷபகிய்யா’. ‘ஷபகா’ என்றால் வலை. கிரேக்க மருத்துவர்கள் இப்படலத்தை மீன்பிடிக்கும் வலைக்கு ஒப்பிட்டிருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கிரேக்க மருத்துவத்தை அரபுக்குக் கொணர்ந்து, கண்ணைப் பற்றித் தனி நூல்களும் இயற்றினர். வலை என்னும் அந்த உவமை அரபு நூல்களின் வழியாக இலத்தீன் மொழிக்குச் சென்று, அங்கே ‘ரெட்டினா’ ஆயிற்று. இன்று கண் மருத்துவரிடம் போய் ரெட்டினா என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வருகிறவர், தம்மை அறியாமலே பழைய அரபு மருத்துவர்களின் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். திரை என்பது சரியா, வலை என்பது சரியா என்றால், இரண்டுமே சரி. உருவம் அதன்மேல் விழுவதால் திரை. நரம்பணுக்களால் பின்னப்பட்டிருப்பதால் வலை. இங்கே நாம் பேச வந்தது, அந்த வலை பின்னப்படும் விதத்தை.

இந்த வலை கண்ணில் முளைப்பதன்று. மூளையிலிருந்து நீண்டு வருவது. கருவுற்ற 22ஆம் நாள் அளவில், பிற்காலத்தில் மூளையாகப் போகும் பகுதியின் இரு பக்கத்திலும் இரண்டு சிறு குழிகள் தோன்றுகின்றன. தாய்க்கே தான் கருவுற்றிருப்பது உறுதியாகத் தெரியாத நாள்கள் அவை. நான்காம் வாரத்தில் அக்குழிகள் வெளியே பிதுங்கிக் குமிழிகளாகின்றன. ஐந்தாம் வாரத்தில் ஒவ்வொரு குமிழியும் உள்வாங்கிக் கிண்ணமாகிறது. அக்கிண்ணத்தின் உட்சுவரே விழித்திரையாக வளர்கிறது. கண் மருத்துவர் தம் கருவியால் கண்ணுக்குள் நோக்கும்போது அவர் காண்பது, உண்மையில் மூளையின் ஒரு பகுதியையே.

கருவில் மூளை அமையும் விதத்தை ஆராய்வதில் நம் நகரமும் பங்கேற்றிருக்கிறது. கருவின் நடு மூன்று மாதக் காலத்து மனித மூளையின் 5132 வெட்டுப்படங்களை உயிரணு அளவிலான நுட்பத்துடன் தொகுத்து, ‘தரணி’ என்னும் பெயரில் 2024 டிசம்பரில் உலகோர் அனைவரும் காண வெளியிட்டவர்கள், கிண்டி காட்டை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள்.

கிண்ணத்தின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் முதலில் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். எது ஒளியை வாங்கப் போகிறது, எது செய்தியைக் கடத்தப் போகிறது என்று பார்த்துச் சொல்ல இயலாது. அவை பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. பின்னர் அவற்றிலிருந்து ஏழு வகையினர் பிறக்கின்றனர். மங்கிய ஒளியில் காண உதவும் குச்சியணுக்கள். பகலொளியில் நிறத்தையும் நுட்பத்தையும் காட்டும் கூம்பணுக்கள். இவ்விரண்டிடமிருந்தும் செய்தியை வாங்கிக் கொடுக்கும் இருமுனையணுக்கள். அச்செய்தியைப் பக்கவாட்டில் ஒப்பிட்டுச் செப்பம் செய்யும் கிடையணுக்களும் அமக்ரைன் அணுக்களும். எல்லாவற்றையும் திரட்டி மூளைக்கு அனுப்பும் கேங்லியன் அணுக்கள். இவை ஆறும் நரம்பணுக்கள். ஏழாவதான முல்லர் அணு நரம்பணு அன்று. மற்ற ஆறையும் தாங்கி நின்று பேணும் தூண் போன்றது அது.

இந்த ஏழுக்கும் ஏழு தாய்களா, ஒரே தாயா? நெடுங்காலம் விடை தெரியாதிருந்தது. 1987இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டேவிட் டர்னர், கான்ஸ்டன்ஸ் செப்கோ ஆகிய இருவரும் ஓர் உபாயம் செய்தனர். எலிக்குட்டியின் விழித்திரையிலுள்ள தாயணு ஒன்றில், தீங்கு செய்யாத வைரஸ் மூலம் ஒரு மரபுக் குறியைப் பதித்தனர். அத்தாயணுவுக்குப் பிறக்கும் அணுக்கள் யாவும் அக்குறியைச் சுமந்தே பிறக்கும். வளர்ந்தபின் பார்த்தால், ஒரே தாயின் பிள்ளைகளுள் குச்சியணுவும் இருந்தது, இருமுனையணுவும் இருந்தது, அமக்ரைன் அணுவும் முல்லர் அணுவும் இருந்தன. அடுத்த ஆண்டில் தவளையிடம் செய்த ஆய்வுகளும் இதனையே உறுதி செய்தன. ஒரு வயிற்றுப் பிள்ளைகள், வெவ்வேறு தொழில்!

அப்பிள்ளைகள் பிறப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிறப்பது கேங்லியன் அணு. அதனை ஒட்டிக் கூம்பும் கிடையும் அமக்ரைனும் பிறக்கின்றன. குச்சிகள் அதன்பின். இருமுனையணுவும் முல்லர் அணுவும் கடைசி. முதுகெலும்புள்ள உயிர்களிடத்தில் இவ்வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. புதுவீடு கட்டுவோர் தெருவிலிருந்து வரும் மின்கம்பியை முதலில் இழுத்து வைத்துவிட்டு, விளக்குகளைப் பிறகு மாட்டி, இரண்டுக்கும் இடைப்பட்ட இணைப்பைக் கடைசியில் கொடுப்பது போன்ற வேலை இது. விழித்திரையின் நடுவில் தொடங்கும் இவ்வேலை, சிறிது சிறிதாக விளிம்பை நோக்கிப் பரவுகிறது.

எந்த அணு எதுவாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? இரண்டு காரணங்கள் கூடித் தீர்மானிக்கின்றன. ஒன்று, தாயணுவின் உள்ளேயே ஓடும் காலக்கணக்கு. அதிகாலையில் கேங்லியனைப் பெறவல்ல தாயணு, அந்த வேளை கடந்தபின் அதனைப் பெறும் திறத்தை இழந்துவிடுகிறது. மற்றொன்று, அண்டை அணுக்களின் பேச்சு. ஓர் அணு நரம்பணுவாக மாறத் தொடங்கியதும், தன்னைத் தொட்டிருக்கும் அணுக்களுக்கு, ‘நீங்கள் இப்போதே மாறவேண்டாம்; பொறுத்திருங்கள்’ என்னும் பொருள்பட இரசாயனக் குறிப்பு ஒன்றைக் கொடுக்கிறது. அவ்வாறு பொறுத்திருந்தவையே பின்னால் குச்சியாகவும் இருமுனையாகவும் ஆகின்றன. எல்லாரும் ஒருமிக்க மூத்த பிள்ளையாகிவிட்டால் இளைய பிள்ளையின் வேலைக்கு ஆள் இராது அல்லவா?

ஒரு சிறு விசை எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் என்பதற்கு ஒரு சான்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற ஆனந்த் ஸ்வரூப் என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் ‘என்.ஆர்.எல்.’ என்னும் மரபணுவை 1992இல் கண்டறிந்தனர். 2001இல் அந்த ஒரு மரபணுவை மட்டும் நீக்கிய சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தபோது, அவற்றின் விழித்திரையில் குச்சியணு ஒன்றுகூட இல்லை. குச்சி இருக்கவேண்டிய இடமெல்லாம் கூம்பு போன்ற அணுக்களே இருந்தன. கூம்புகளுக்குள்ளும் முன்பின் உண்டு. மனித விழித்திரைத் துணுக்குகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, நீலம் காணும் கூம்புகள் முதலில் உருவாகின்றன. சிவப்பும் பச்சையும் காண்பவை பிறகு உருவாகின்றன. அம்மாற்றத்தைச் செய்விப்பது தைராய்டுச் சுரப்பு.

பிறப்போடு கதை முடிவதில்லை, களையெடுப்பும் உண்டு. கருவின் 16, 17ஆம் வாரங்களில் ஒரு கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ 37 லட்சம். மூளையில் தக்க இடத்தைப் போய்ச் சேராதவை பின்னர் மடிந்துவிடுகின்றன. முடிவில் எஞ்சுபவை 11, 12 லட்சம் அளவே. நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்து, நிலைக்கும் பயிரை மட்டும் நிலைக்கவிடும் உழவரின் கணக்கு இது.

இனி, நாம் வலியுறுத்த வந்த செய்திக்கு வருகிறோம். விழித்திரையின் நடுப்பகுதியில் புதிய அணுக்கள் பிறப்பது கருவின் 14ஆம் வாரத்தளவிலேயே நின்றுவிடுகிறது. விளிம்பில் அது ஏறத்தாழ 30ஆம் வாரத்தில் நிற்கிறது. அதன்பின் மனித விழித்திரையில் புதிய நரம்பணு பிறப்பதில்லை. இருப்பதைக் கொண்டே எண்பது ஆண்டோ தொண்ணூறு ஆண்டோ வாழ்ந்தாக வேண்டும். அந்த அணுக்களுக்கு உணவு கொண்டுசெல்லும் இரத்தக் குழாய்களின் கதையோ வேறு. அவை பார்வை நரம்பின் வாயிலிலிருந்து 16ஆம் வார அளவில் புறப்பட்டு, மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி ஊர்கின்றன. மூக்குப் பக்கத்து விளிம்பை 36ஆம் வாரத்திலும், காதுப் பக்கத்து விளிம்பை 40ஆம் வாரத்திலுமே அடைகின்றன. அதாவது, 30 வாரத்தில் பிறந்துவிடும் பிள்ளைக்குக் குடியிருப்போர் எல்லாரும் வந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் மட்டும் கடைசித் தெருவரை வந்து சேரவில்லை!

கருவறையில் பிராணவாயு குறைவு. அக்குறைவே குழாய்களை முன்னோக்கி இழுக்கிறது. உணவு போதாத அணுக்கள் ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுரந்து குழாய்களை அழைக்கின்றன. குழாய்களும் அழைப்பை ஏற்று வருகின்றன. பிள்ளை முன்கூட்டியே பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் பிராணவாயு மிகுதியாகப் பெறும்போது, அந்த அழைப்பு அடங்கிவிடுகிறது. குழாய்களும் நடுவழியில் நின்றுவிடுகின்றன. சில வாரங்களில் விளிம்பிலுள்ள அணுக்கள் வளர்ந்து, பசி முற்றி, அளவுக்கு மீறிக் குரல் கொடுக்கின்றன. அப்போது புறப்படும் குழாய்கள் ஒழுங்காகப் படர்வதில்லை. திசைமாறி, கண்ணின் நடுவெளிக்குள் கொடிபோல் ஏறி, நார்போல் இறுகி, விழித்திரையையே சுவரிலிருந்து பெயர்த்துவிடுகின்றன. குறைமாதக் குழந்தை விழித்திரை நோய் என்பது இதுவே. மருத்துவமனைச் சீட்டுகளில் ‘ஆர்.ஓ.பி.’ என்று மூன்றே எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

பாஸ்டன் நகர மருத்துவர் டெர்ரி இந்நோயை 1942இல் முதன்முதல் விவரித்தார். குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் பெட்டிகள் பெருகிய 1940, 50களில், ஏறத்தாழப் 10,000 குழந்தைகள் இதனால் பார்வை இழந்தனர். அளவற்ற பிராணவாயுவே காரணம் என்பது 1950களின் நடுவில் ஐயமற நிறுவப்பட்டது. ஆனால் பிராணவாயுவை வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. அதனைக் குறைத்த ஆண்டுகளில் குழந்தைகளின் உயிரே போயிற்று. உயிருக்கு வேண்டிய அளவு கண்ணுக்கு மிகுதியாகிவிடக்கூடும். அந்த இடுக்கில்தான் குழந்தை மருத்துவர்கள் இன்றும் நடக்கிறார்கள்.

இதனை நூலில் மட்டும் படித்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மகள் வயிற்றுப் பேத்தி 30 வாரத்தில், 1300 கிராம் எடையில் பிறந்தாள். 24 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, பால் குடிக்கத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். வெளியே அனுப்பும்போது கொடுத்த தாளின் அடியில், மருந்துகளுக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒரே ஒரு வரி: முப்பது நாள் நிறைவதற்குள் விழித்திரைப் பரிசோதனை. அதனைக் கண்டுபிடித்துப் படித்தவள் நம் மகள்தான்.

வீட்டில் மூத்தவர் நம் உம்மா. எண்பதைக் கடந்தவர். நாற்பது நாள் குளிப்பு முடியாமல் தாயும் பிள்ளையும் வாசற்படி தாண்டுவது அவர் அறியாத வழக்கம். ‘‘சுண்டுவிரல் நீளப் பிள்ளையை மவுண்ட்ரோட்டுப் புழுதியிலா கொண்டு போவீர்கள்? நாற்பது கழியட்டும் வாப்பா. கண் எங்கே போய்விடும்?’’ என்றார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. கைக்குழந்தையைக் கூட்டத்திலிருந்தும் தொற்றிலிருந்தும் காத்ததே அந்த நாற்பது நாள் வழக்கம். மருந்து குறைந்த காலத்தில் எத்தனையோ உயிரை அது காத்திருக்கும். ஆகவே நாம் வாதாடவில்லை. கண் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, மருத்துவ அம்மையாரை உம்மாவிடமே பேசச் செய்தோம்.

உம்மா ஒரே கேள்வி கேட்டார்: ‘‘பத்து நாள் பொறுத்து வந்தால் என்ன மகளே?’’

‘‘பொறுக்கலாம் அம்மா; ஆனால் பிள்ளையின் கண் பொறுக்காது. இந்த நோய்க்குச் சில சமயம் இரண்டு மூன்று நாள்தான் தவணை. அது எந்த இரண்டு மூன்று நாள் என்று பார்க்காமல் எனக்கும் தெரியாது’’ என்றார் அவர்.

உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘‘நாற்பது என்பது தாயின் தொழுகைக்குச் சொன்ன கணக்கு. பிள்ளையின் கண்ணுக்குச் சொன்னதில்லை. போய் வாருங்கள்’’ என்று சொல்லி, தம் வெள்ளைத் துப்பட்டியை நான்காக மடித்துப் பிள்ளையைச் சுற்றிக் கொடுத்தார். அந்தப் பேச்சுக்குப் பின் வீட்டில் மறுபேச்சில்லை.

28ஆம் நாள் போனோம். கருமணி விரியச் சொட்டு மருந்து விட்டு, இமையைச் சிறு கம்பியால் விலக்கி, நெற்றியில் கட்டிய விளக்கால் பார்த்தார்கள். சில நிமிட வேலை. பிள்ளை அழுத அழுகை அதைவிட நீளம். குழாய்கள் விளிம்பை எட்டவில்லை, எல்லையில் ஒரு மேடு தெரிகிறது, ஒரு வாரத்தில் வாருங்கள் என்றார்கள். 35ஆம் நாள் பார்த்தபோது நோய் முற்றத் தொடங்கியிருந்தது. 37ஆம் நாள் லேசர் ஒளியால் சிகிச்சை செய்தார்கள். நாற்பது அப்போதும் வந்திருக்கவில்லை.

அச்சிகிச்சையின் தன்மையை அம்மருத்துவர் விளக்கியதை மறக்க இயலாது. குழாய் சென்றடையாத விளிம்புப் பகுதியை லேசர் சுட்டு அணைத்துவிடுகிறது. அங்குள்ள அணுக்கள் குரல் கொடுப்பதை நிறுத்துகின்றன. முறைகெட்ட குழாய்களும் வாடிவிடுகின்றன. விளிம்பைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றுகிறோம் என்றார் அவர். விளிம்பில் போனது போனதுதான். அது மீண்டும் முளைக்காது. இன்று பேத்தி தடித்த கண்ணாடி அணிந்து பள்ளிக்கூடம் போகிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ஆண்டுதோறும் கண்ணைக் காட்டி வருகிறோம்.

எல்லா வீட்டுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. 1996இல் இதே சென்னையில், ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்குக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் எவரும் சொல்லவில்லை. நோய் தெரியவந்தபோது குழந்தைக்கு நான்கு மாதம் கடந்திருந்தது. பார்வையை மீட்க முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 ஜூலை 1ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கடந்த செலவுக்கும் வருங்கால மருத்துவத்துக்குமாக ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பத்தொன்பது ஆண்டுக்குப் பின் வந்த அத்தீர்ப்பு, சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைக்கு உண்டு என்பதை நாடறிய நிலைநாட்டிற்று. ஆனால் எந்த நீதிமன்றமும் ஒரு விழித்திரையைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஏன் முடியாது? கண்தானம் செய்கிறார்களே, கண்ணை மாற்றி வைக்கிறார்களே என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் எழும்பூர்க் கண் மருத்துவமனையில்தான் தோன்றியது. ஆனால் தானமாகப் பெற்று மாற்றி வைப்பது கண்ணின் முன்புறத்திலுள்ள கார்னியா என்னும் தெளிந்த படலத்தை. அது சாளரக் கண்ணாடி போன்றது. உடைந்தால் வேறொன்று பொருத்தலாம். விழித்திரையோ மூளையோடு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகளால் பிணைந்த வலை. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக மூளையின் உரிய இடத்தில் மீண்டும் சேர்க்கும் கலையை மனிதன் இன்னும் கற்கவில்லை. வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீனின் விழித்திரை சிதைந்தால், அதன் முல்லர் அணுக்கள் மீண்டும் தாயணுவாகி, வேண்டிய நரம்பணுக்களைப் பெற்றுத் தருகின்றன. மனிதனிடத்தில் அந்த அணு இருக்கிறது. அந்தத் திறம் இல்லை. ஜப்பானில் யோஷிகி சசாய் 2011இல் எலியின் ஆரம்ப அணுக்களிலிருந்து ஒரு கண்கிண்ணத்தையே ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டினார். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்திலும் அத்துறையில் ஆய்வுகள் நடந்து வருகின்றன. நாளை ஒரு வழி பிறக்கலாம். இன்று பிறக்கும் பிள்ளைக்கு, இன்றுள்ள வழி உரிய நாளில் பார்ப்பது ஒன்றே.

உரிய நாள் எது என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளை, அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த பிள்ளை, 30ஆம் நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 1200 கிராமுக்குக் குறைந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே செல்ல வேண்டும். 34 வாரம் கடந்து பிறந்தும் மூச்சுத் திணறலோ கிருமித் தொற்றோ கண்ட பிள்ளைக்கும் மருத்துவர் சொன்னால் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்து ‘நன்று’ என்று சொன்னால் அதோடு முடியவில்லை. குழாய்கள் விளிம்பை அடைந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும் வரை, அவர் குறித்த நாளில் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற பணியாளர்கள் கேமராவுடன் சிற்றூர் மருத்துவமனைகளுக்கே சென்று, பிள்ளைகளின் விழித்திரையைப் படமெடுத்துப் பெங்களூர் மருத்துவர்களுக்கு அனுப்பிவருகிறார்கள். வழிகள் இல்லாமலில்லை, நாளைத் தவறவிடாதிருத்தல்தான் வேண்டும்.

வழக்கத்தை விட்டுக்கொடுப்பது எளிதன்று என்பதை அறிவோம். ஆனால் வழக்கமும் மருத்துவமும் பகைவர் அல்லர் என்பதற்கு நம் வட்டாரமே சாட்சி. ஆண் மருத்துவர் பார்ப்பார் என்பதற்காகவே கோஷாப் பெண்கள் பிரசவ வேதனையிலும் மருத்துவமனைக்குப் போகாதிருந்த காலம் ஒன்று இருந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதற்பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், அவர்களுக்கென்றே 1885இல் ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். பின்னர் அது சேப்பாக்கத்தில் நிலைபெற்றது. இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கினாலும், திருவல்லிக்கேணியும் ராயப்பேட்டையும் அதனை இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றன. அன்று வழக்கத்தை மதித்து மருத்துவம் ஓரடி முன்வந்தது. இன்று பிள்ளையின் கண்ணுக்காக வழக்கம் ஓரடி முன்வந்தால் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

நம் குடும்பங்களில் பிள்ளை பிறந்ததும் பிறையும் தேதியும் நேரமும் ஓர் ஏட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. பெயர் சூட்டும் ஏழாம் நாளைக் குறிக்கிறோம். நாற்பதாம் நாளைக் குறிக்கிறோம். பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருக்குமானால், அந்த ஏழுக்கும் நாற்பதுக்கும் இடையே இன்னொரு நாளையும் குறித்து வையுங்கள்; அதன் எதிரே ‘கண்’ என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவரின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய நாளை வீட்டில் எவரும் தட்டமாட்டார்கள்.